அடையாறில் ஒரு புள்ளி

தியாகராய நகர்,
11 ஆகஸ்ட் 2025

திரு. ஸ்ரீனிவாசராகவன் அவர்களுக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும்.

என் போன் எண்ணைக் கேட்டு நீங்கள் ஆள் அனுப்பியதாகத் தெரிந்தது. தர மாட்டேன். போனில் பேசினால் எனக்குக் குரல் உயரும். கடையில் எவர்சில்வர் அண்டா வாங்க வந்தவர்கள் நிற்பார்கள். மயிலாப்பூரிலிருந்து தி. நகருக்கு நடந்தே வந்துவிடலாம், ஆனாலும் தபாலில் இருக்கட்டும். நாளைக்கு யார் என்ன சொன்னார் என்று இழுபறி வராது.

நேற்று உங்கள் புத்தக வெளியீட்டுக்கு வந்திருந்தேன். அழைப்பில்லாமல் வந்தேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உங்களுக்குப் போட்ட சால்வைகளை எண்ணவில்லை. சென்னைப் பறவைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு புத்தகம், தொகுத்தவர் நீங்கள். நல்லது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தீபிகா என்ற பெண், உங்கள் பறவை நோக்கர் சங்கத்தின் புது உறுப்பினராம், புத்தகத்தைப் பிரித்து என்னிடம் காட்டினாள்.

"அங்கிள், பின்னிணைப்பு பாத்தீங்களா? செம காமெடி. கூண்டுல இருந்து தப்பிச்ச கிளியப் பாத்துட்டு, புதுத் துணையினம்னே ஒருத்தர் எழுதிட்டாராம்!"

படித்தேன். "நீலப் பைங்கிளி. அடையாறு ஆலமரத் தோட்டம், 2001. ஒரு பார்வையாளர் இதைத் தனித் துணையினம் என முன்மொழிந்தார். கூண்டிலிருந்து தப்பிய பறவை. சென்னைப் பட்டியலில் சேராது."

அந்த 'ஒரு பார்வையாளர்' நான். அந்த அரங்கில் அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

வெளியே எப்படி வந்தேன் என்று நினைவில்லை. டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்திருக்கிறேன். கடைக்காரர்தான் உலுக்கினார். "இன்னா சார், டீ ஆறிக்கினு கீது, அப்டியே நிக்கிற? வூட்ல எதுனா பிரச்சனையா?" பிரச்சனை வீட்டில் இல்லை என்று சொன்னேன்.

உங்களுக்கு மறந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். நீலப் பைங்கிளி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. கிழக்குக் கடற்கரையில் அதைப் பார்த்தவன் நான். ஆண் பறவை. சாம்பல் நீலத் தலை, கழுத்தில் கறுப்பு வளையம், அதன் கீழே பச்சை கலந்த நீலப் பட்டை, சிவப்பு மேலலகு, வால் நுனியில் மஞ்சள். இடது காலில் ஒரு விரல் இல்லை, அதைக்கூடக் குறித்தேன். கண்ணியில் மாட்டியிருக்கலாம் என்றும் எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேலாக அதன் கூவல். காட்டில் அந்த இனம் கீச்சென்று கத்தும். இது மூன்று சுருதியாகக் கூவியது. ஒன்று, அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று, மேலேயே போய் நிற்கும். எந்தப் பதிவிலும் இல்லாத கூவல். இதன் உறவுக் கிளி இலங்கைக் காடுகளில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கடற்கரையில் மிஞ்சிப்போன ஒரு சிறு கூட்டம் தனக்கென்று ஒரு குரலோடு இருந்தால், அது தனித் துணையினமாக இருக்கலாம் என்று எழுதினேன். அதில் என்ன காமெடி? இப்போது அந்த இரண்டு கிளிகளையும் மற்றக் கிளிகளிடமிருந்து பிரித்துத் தனிப் பேரினமாகவே வைத்துவிட்டார்கள். நான் அன்றைக்குச் சொன்ன உறவுதான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து மாடியில் வைத்துக் கயலுக்கு அந்தக் கூவலை விசிலடித்துக் காட்டினேன். கல்யாணமாகி ஆறு மாதம். அவள் கையிலிருந்த முறம் நழுவி அரிசியெல்லாம் தரையில். பறவை பற்றி ஒன்றும் தெரியாதவளுக்கே அதன் அருமை புரிந்தது. உங்களுக்குப் புரியவில்லை. கட்டுரையைக் கையெழுத்திட்டு உங்கள் செய்தி மடலுக்குக் கொடுத்தேன். "இப்போது வேண்டாம்" என்று இரண்டு சொல்லில் திருப்பி அனுப்பினீர்கள். என் வழிகாட்டிக்கும் ஏதோ சொன்னீர்கள். அதோடு என் ஆராய்ச்சி முடிந்தது. தங்கப் பதக்கத்தோடு எம்.எஸ்ஸி. முடித்தவன் அப்பாவின் பாத்திரக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தேன்.

அது மட்டுமா? என் தொலைநோக்கியை வாங்கிக்கொண்டு போய் லென்ஸில் கீறலோடு தந்தீர்கள். என் அப்பா இறந்த அன்று வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் திரும்பிப் போனீர்கள். நான் எதையும் மறக்கிறவன் இல்லை.

கூண்டிலிருந்து தப்பியது என்று எப்படித் தெரியும்? எந்தக் கூண்டு? யாருடைய கூண்டு? பதில் வேண்டும்.

இப்படிக்கு,
அ. மாணிக்கவாசகம், எம்.எஸ்ஸி.

*

மயிலாப்பூர்,
16 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாணிக்,

உன் கடிதம் வந்தது. 'நீங்கள்', 'அவர்கள்' என்றெல்லாம் போட்டிருந்தாய். கல்லூரி விடுதியில் என் வேட்டியைக் கட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனவன் என்னை 'திரு' என்று கூப்பிடுவதைப் பார்க்க அம்மா இல்லை. இருந்திருந்தால் சிரித்திருப்பாள். 'அபயாம்பாள் மாமி' என்று நீ கூப்பிடும் அவள் கை ரசத்துக்காக நந்தனம் விடுதியிலிருந்து சைக்கிளில் வருவாயே, அது ஞாபகம் இருக்கிறதா?

கயல் நலமா? உன் பெண் சரண்யா வேலைக்குப் போகிறாளா? எனக்குச் சர்க்கரை. வரும் மே மாதத்தோடு கல்லூரியிலிருந்து ஓய்வு. சால்வைகள் மொத்தம் நான்கு, எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை, தொட்டால் கையெல்லாம் நூல்.

அந்தப் பெண் சிரித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். சின்னப் பெண், தெரியாமல் பேசிவிட்டாள். உன் பெயர் வரக்கூடாது என்றுதான் 'ஒரு பார்வையாளர்' என்று போட்டேன்.

இத்தனை வருஷம் போடாததை இப்போது ஏன் போட்டாய் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். போன வருஷம் நீ சரண்யாவை விட்டு அந்தப் பழைய பதிவை இணையப் பட்டியலில் ஏற்றினாய். அதைச் சரிபார்க்கும் பையன்களுக்கு உன் வர்ணனை பிடித்துப்போய் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அந்தக் கிளியின் பரவல் வரைபடத்தைத் திறந்து பார். மேற்கே மலையோடு மலையாக ஒரு நீளமான பட்டை. கிழக்கே, கடலை ஒட்டி, தனியாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை வைத்து இரண்டு மாணவர்கள் ஆய்வேடு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி விடிந்தால் அடையாறில் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறாள். இல்லாத பறவையைத் தேடி அவள் இரண்டு வருஷம் வீணாக்குவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? அதனால் எழுதினேன். அந்தப் பதிவை நீயே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. பார்த்தவன் தானே திரும்பப் பெற்றுக்கொண்டால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

எந்தக் கூண்டு என்று கேட்காதே. கூண்டுதான், எனக்கு நிச்சயமாகத் தெரியும். உன் கண்மேல் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. நீ பார்த்தது நீலப் பைங்கிளியேதான். இதற்கு மேல் என் வாயைக் கிளறாதே. ஒருநாள் வீட்டுக்கு வா. ரசம் நான் வைக்கிறேன், அம்மா கை வராது, ஆனால் குடிக்கலாம்.

அன்புடன்,
ராகவன்

*

தியாகராய நகர்,
20 ஆகஸ்ட் 2025

ராகவனுக்கு,

'திரு' போடவில்லை. போட்டால் கேலி செய்கிறாய், போடாமல் விட்டால் உறவு என்று நினைத்துக்கொள்வாய். நினைக்காதே.

உன் கடிதத்தைக் கல்லாவில் வைத்தே படித்தேன். ஒரு வாடிக்கையாளர் மிச்சச் சில்லறைக்கு நின்றுகொண்டிருந்தார், கவனிக்கவில்லை. "நிச்சயமாகத் தெரியும்" என்கிறாய், "கேட்காதே" என்கிறாய். இதுவா விஞ்ஞானம்? நந்தனத்தில் நாம் சங்கம் தொடங்கியபோது முதல் விதி என்ன? பார்த்தவன் கையெழுத்து இல்லாத பதிவு பதிவே இல்லை, மொட்டையாக வந்தால் கிழித்துப் போடு. அதை எழுதியவன் நான். ஏன் எழுதினேன்? சொல்கிறவன் தன் பேரை வைத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக. நான் என் பேரை வைத்துச் சொன்னேன். நீ பேரில்லாத ஒரு கூண்டை வைத்து என்னைக் கவிழ்த்தாய். உன் பின்னிணைப்பும் ஒரு மொட்டைக் கடிதம்தான், அச்சடித்த மொட்டைக் கடிதம்.

எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது? கடை அண்ணன் தம்பிகளோடு பொதுவில் இருக்கிறது. வீடு அப்பா கட்டியது. பட்டம் அலமாரிக்குள். இந்த உலகத்தில் நானாகச் சம்பாதித்தது என்று சொல்லிக்கொள்ள அந்த வரைபடத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. கடையை அடைத்துவிட்டு வந்து போனில் அதைத் திறந்து பார்ப்பேன். சிரித்தால் சிரித்துக்கொள். அதையும் 'நீயே எடுத்துவிடு' என்கிறாய்.

எடுக்க மாட்டேன். நான் முடிவு செய்துவிட்டேன். செப்டம்பர் கூட்டத்துக்கு வருகிறேன், இந்த முறை முதல் வரிசையில் உட்காருவேன். மேடையேறி, அந்த ஒரு பார்வையாளர் நான்தான் என்று சொல்வேன். எந்தக் கூண்டு என்று எல்லோர் முன்னாலும் உன்னைக் கேட்பேன். சாட்சியில்லை என்று நீ சொல்லக்கூடாது என்பதால் கயலையும் அழைத்து வருகிறேன். அந்தக் கூவலை நான் கேட்ட அன்றைக்கே என் வாயால் கேட்டவள் அவள் ஒருத்திதான். மைக்கைப் பிடித்து, என்ன கேட்டாள், எப்போது கேட்டாள் என்று அவள் சொல்லட்டும். நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளிடம் சொல்லிவிட்டேன். "சரிங்க" என்றாள். அப்புறம் தட்டில் கை வைக்கவில்லை. மேடைக் கூச்சம். பழகிவிடும்.

நீ வேண்டுமானால் அந்தக் கூண்டைத் தூக்கிக்கொண்டு வா.

அ. மாணிக்கவாசகம்

*

மயிலாப்பூர்,
24 ஆகஸ்ட் 2025

மாணிக்,

கயலை அந்த மேடையில் ஏற்றாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நான் ஒருவருக்குக் கொடுத்த வாக்கை இப்போது மீறுகிறேன். உன் கடிதம் வருவதற்கு ஒருநாள் முன்பே அவள் போன் செய்தாள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் முறை. "அண்ணா, இனிமே உங்க இஷ்டம்" என்றாள், வைத்துவிட்டாள். எழுதுகிறேன். உட்கார்ந்து படி. கடையில் படிக்காதே.

கே.கே. நகரில் கயலைப் பெண் பார்க்கப் போன அன்று நானும் உன்னோடு வந்தேன். வாழைக்காய் பஜ்ஜி நன்றாக இருந்தது. நீ பஜ்ஜியைத் தொடாமல் அவள் அப்பாவிடம் வனவிலங்குச் சட்டம் பேசிக்கொண்டிருந்தாய். அவர் பாவம், மாப்பிள்ளை வக்கீலோ என்று பயந்துபோய் என்னைப் பார்த்தார். "பறவையைக் கூண்டுல அடைச்சு வெக்கிற வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன், மாமா" என்றாய். அந்த நேரத்தில் பின்கட்டிலிருந்து ஒரு விசில் சத்தம் வந்தது. யாரோ பக்கத்து வீட்டுப் பையன் என்று நினைத்தேன். நீ பேசிக்கொண்டிருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது.

அவர்கள் வீட்டுப் பின்கட்டில், போர்வை போட்டு மூடிய கூண்டில், ஒரு நீலப் பைங்கிளி இருந்தது. கூடலூரிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர் அதைக் குஞ்சாக அவள் அப்பாவிடம் கொடுத்தாராம். கயல் தன் கையால் ஊட்டி வளர்த்தது. கூண்டுக் கதவு அறைந்து சாத்தியதில் இடது காலில் ஒரு விரல் போயிருந்தது. அவள் தினமும் விசிலடிப்பாளாம், அது திருப்பி அடிக்குமாம். நீ கதவுப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் அவள் கதவுக்குப் பின்னால் நின்று நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கேட்டாள். நீங்கள் சம்மதம் சொல்லி அனுப்பிய அன்று சாயங்காலம் மாடிக்குப் போய்க் கூண்டைத் திறந்துவிட்டாள். "அவர் சொன்னது நியாயமாத்தான் இருந்துச்சுண்ணா" என்று என்னிடம் சொன்னாள்.

மற்றதை நீயே எழுதிவிட்டாய். முறம் நழுவியது என்று.

நீ கட்டுரையைக் கொடுத்த மறுவாரம் கபாலி கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அது எங்க வீட்டுக் கிளிண்ணா. விரல் இல்லாத கிளி, விசிலடிக்கிற கிளின்னா எங்க தெருவுக்கே தெரியும். அவர் அதை அச்சுல போட்டா யாராச்சும் ஒருத்தர் படிச்சிட்டு சிரிப்பாங்க. அவரால தாங்க முடியாது."

"நீயே அவன்கிட்ட சொல்லிடும்மா. அவனுக்கு நல்ல மனசுதான்."

"சொன்னா, அதுக்கப்புறம் என்னைப் பாக்கறப்பல்லாம் அந்தக் கிளியத்தான் பாப்பாரு. கல்யாணமாகி ஆறு மாசந்தான் ஆச்சு. நீங்க வேணாம்னு சொன்னா உங்கமேல கோவப்படுவாரு. சிநேகிதங்கதானே, நாலு நாள்ல சரியாயிடும்."

நாலு நாள் என்றாள், மாணிக். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை அம்மா பார்த்துவிட்டாள். "ஏன்டா, அந்தப் பொண்ணு அழுதுண்டே போறா, என்ன சொன்னே அவளை? மாணிக்கத்தோட ஆம்படையாளாச்சே!" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதம் எனக்குச் சரியாகச் சோறு போடவில்லை. உன் வழிகாட்டியிடம் நான் சொன்னது இதுதான்: பறவை உண்மை, இடம்தான் சரியில்லை, அவனுக்கு வேறு தலைப்புக் கொடுங்கள். அவர் கொடுக்க முன்வந்தார். நீதான் கோபித்துக்கொண்டு வெளியே வந்தாய்.

உன் அப்பா இறந்த அன்று உள்ளே வரத்தான் வந்தேன். கதவருகே கயல் நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்துத் திரும்பினேன். லென்ஸில் கீறல் போட்டது நான்தான். அதற்கு ஒரு காரணமும் இல்லை.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். அவளை ஒன்றும் சொல்லாதே.

ராகவன்

*

தியாகராய நகர்,
30 ஆகஸ்ட் 2025

ராகவா,

கடையில் படிக்காதே என்று நீ எழுதிய வரியைக் கடையில்தான் படித்தேன். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. குடங்களை அடுக்கிக்கொண்டிருந்த இசக்கியம்மாள் ஓடிவந்து, "முதலாளி, என்ன செய்யிது? மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு. தண்ணி குடிக்கியளா?" என்றாள். வாங்கிக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை. பாத்திரக் கடையில் டம்ளர் வைக்க இடம் தெரியாமல் நின்றேன்.

இதை எழுத ஐந்தாறு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ காத்திருப்பாய் என்று தெரியும். காத்திரு.

உன்னை வெறுத்தேன். அது பெரிய விஷயமில்லை, எனக்கு அது பழக்கம், காலையில் காபி மாதிரி. ஆனால் அந்த வெறுப்பையெல்லாம் யாரிடம் சொன்னேன்? அவளிடம். தினம் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே உன்னைத் திட்டுவேன். "அந்தப் பாவி மட்டும் அன்னிக்கு அதைப் போட்டிருந்தா" என்று தொடங்குவேன். அவள் மோர் ஊற்றிக்கொண்டே கேட்பாள். ஒருநாளாவது உனக்காக ஒரு வார்த்தை பேசினாளா என்று நினைத்துப் பார்த்தேன். பேசியிருக்கிறாள். "போதும், விடுங்க, அவரும் வயசானவரு" என்பாள். நான் அதற்கும் கத்துவேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று சீக்கிரம் கடையை விட்டுக் கிளம்பினேன். கயல் மாடியில் இருந்தாள். சாயங்காலம் கைப்பிடிச் சுவரில் ஊறிய அரிசி வைப்பாள், நம்ம ஊர்ப் பச்சைக் கிளிகள் கூட்டமாக வரும். காட்டுப் பறவையைப் பிச்சைக்குப் பழக்குகிறாய் என்று அதற்கும் அவளைத் திட்டியிருக்கிறேன். வேறு எதை விட்டாலும் இதை மட்டும் அவள் விட்டதில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

என்ன சொல்வது என்று படியேறும்போது யோசித்தேன். அவளுக்குப் பின்னால் நின்று அந்தக் கூவலை விசிலடித்தேன். பல வருஷமாகிவிட்டது, ஆனாலும் வந்தது. ஒன்று, அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று.

கிளிகள் எழும்பிப் பறந்தன. அவள் திரும்பவில்லை. கையில் கிண்ணம் இருந்தது, இந்தத் தடவை நழுவவில்லை. அப்புறம், முதுகைக் காட்டியபடியே, விசிலடித்தாள்.

ராகவா, நான் அவளோடு இத்தனை வருஷம் வாழ்கிறேன். சரண்யாவைப் பெற்றாள், என் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. குழந்தையைத் தூங்கவைக்கக்கூட அடித்ததில்லை. அடித்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று வாயை மூடியே வைத்திருந்திருக்கிறாள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அடையாறு ஆலமரம் தெரிந்தது. விழுதுக்குப் பின்னால் வெயில், என் கையில் தொலைநோக்கி. நான் கண்டுபிடித்த துணையினம் என் வீட்டு மாடியில், நைலக்ஸ் புடவையில், அரிசிக் கிண்ணத்தோடு நிற்கிறது.

ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கடைசில இறங்கணும். ரெண்டு ஏறி, மூணாவது இறங்கும். நீங்க அன்னிக்கும் தப்பாத்தான் அடிச்சீங்க."

நான் அதைக்கூடத் தப்பாகக் கேட்டிருக்கிறேன். ஒரு இனத்தை வகைப்படுத்தக் கிளம்பியவன்.

"ராகவண்ணா எழுதிட்டாரா?" என்றாள்.

"ம்."

"கோவமா?"

"யார்மேல படறதுன்னு தெரியல."

"சாப்டுட்டுப் படுங்க. அடை ஊத்தறேன்" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைச் சுவரில் கவிழ்த்துத் தட்டினாள். ஆனால் உடனே கீழே போகவில்லை. கொஞ்சம் தள்ளி, தரையில், என்னோடு உட்கார்ந்தாள். அந்தக் கிளி எத்தனை நாள் அங்கே இருந்தது என்று கேட்டாள். நான் பார்த்தவரை நல்லபடியாக இருந்ததா, ஒல்லியாகிவிட்டதா, மற்றக் கிளிகள் சேர்த்துக்கொண்டனவா என்று கேட்டாள். அதைத் திறந்துவிட்ட நாளிலிருந்து அவளுக்கு இருந்த கேள்விகள். பதில் தெரிந்த ஒரே ஆள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறான். நல்ல உடம்போடு இருந்தது, ஆலம்பழம் தின்றது, பச்சைக் கிளிக் கூட்டத்தோடு பறந்தது என்றேன். நான் பார்த்ததில் அவளுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் கூட்டத்துக்கு நாங்கள் வரவில்லை.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து ரசம் வைத்துவிடாதே. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் குழந்தையைப் போலப் பொத்தி வைத்தீர்கள். என்னால் தாங்க முடியாது என்று எனக்காக நீங்களே முடிவு செய்தீர்கள். தாங்கியிருப்பேனா என்று எனக்கும் தெரியாது, ஆனால் அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை எனக்குத் தரவில்லை. அவள் பயந்தாள், சின்னப் பெண். நீ பயப்படவில்லை. நீ என் சிநேகிதன், என்னை உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். அவளை மன்னிக்க எனக்கு ஒன்றும் இல்லை, அவள்தான் என்னை மன்னிக்க வேண்டும். உன்னை மன்னிக்க எனக்கு நாளாகும். லென்ஸ் கீறல் தனி.

சரண்யாவிடம் அந்த இணையப் பதிவை எடுக்கச் சொன்னேன். ஏன்ப்பா என்றாள். பார்த்ததில் பிழை என்றேன். எடுத்துவிட்டாள். வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். மேற்கே மலைப்பட்டை அப்படியே இருக்கிறது. கிழக்கே ஒன்றும் இல்லை, நேரே கடல். அடையாறில் அண்ணாந்து நிற்கும் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடு. கழுத்துக்குத் தைலம் என் செலவு.

உன் சங்கத்தின் பழைய கோப்பில் நான் அன்று கையெழுத்திட்டுக் கொடுத்த கட்டுரை இருக்கும். அதைத் திரும்பப் பெறுவதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றால் இந்தக் கடிதத்தை வைத்துக்கொள். அடியில் என்ன போடுவது என்று வெகுநேரம் யோசித்தேன். 'எம்.எஸ்ஸி.' என்று போட வெட்கமாக இருக்கிறது. 'உன் மாணிக்' என்று போட இன்னும் மனசு வரவில்லை. பார்த்தவன் கையெழுத்து இல்லாத பதிவு பதிவே இல்லை என்று நான் எழுதிய விதி இன்னும் உங்கள் சங்கத்தில் இருக்கிறது. அந்தக் கிளியை அடையாறில் பார்த்தவன் என்று இனி யாரும் கிடையாது. இன்றும் கயல் கீழே அடை ஊற்றிக்கொண்டிருக்கிறாள், அடுக்களையிலிருந்து விசில் சத்தம் வருகிறது, மூன்றாவது சுருதி இறங்குகிறது. சாப்பிட்டுவிட்டுப் பனகல் பூங்கா பக்கம் நடந்து போய், இதைக் கையெழுத்துப் போடாமலே தபால் பெட்டியில் போட்டுவிடப் போகிறேன்.